ஊட்டக்குறைவு சதவீதத்துக்கு முன்னால் திட்ட விலக்கத்தைப் பாருங்கள்

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இத்தனை சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள், இத்தனை சதவீதம் உடல் மெலிந்தவர்கள் என்று ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு வெளியானால், எல்லோர் கண்ணும் அந்தச் சதவீதத்தின் மேல்தான் போகும். தலைப்புச் செய்தியும் அதுதான், விவாதமும் அதுதான். அதே அறிக்கையின் பின்னிணைப்பில், ஒவ்வொரு குழந்தையும் நடு அளவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்லும் இசட் மதிப்புகளின் சராசரியும், அவை எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் ஓர் அட்டவணையில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால், முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். சதவீதம் எவ்வளவு தூரம் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது, எவ்வளவு தூரம் அளந்தவர்களின் கையைப் பற்றிப் பேசுகிறது என்று பிரித்துக் காட்டுவது அந்த இரண்டு எண்கள்தான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தையிடமிருந்து நான்கு தகவல்கள் எடுக்கிறோம்: பாலினம், பிறந்த தேதி, எடை, உயரம். இவற்றிலிருந்து மூன்று குறியீடுகள் வருகின்றன. வயதுக்கேற்ற உயரம் குறைந்தால் வளர்ச்சி குன்றல். உயரத்துக்கேற்ற எடை குறைந்தால் உடல் மெலிவு. வயதுக்கேற்ற எடை குறைந்தால் எடைக்குறைவு. ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சித் தரம். 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில், வளர்ச்சிக்குத் தடையில்லாத சூழலில், தாய்ப்பால் பரிந்துரைகளைப் பின்பற்றி வளர்ந்த சுமார் 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கியது அது. அதே வயது (மெலிவுக்கு அதே உயரம்), அதே பாலினக் குழந்தைகளின் நடு அளவிலிருந்து நம் குழந்தை எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதே இசட் மதிப்பு. -2க்குக் கீழே போனால் பாதிப்பு, -3க்குக் கீழே போனால் கடும் பாதிப்பு. முழு ஆரோக்கியமான ஒரு சமூகத்திலும் 2.3% குழந்தைகள் -2க்குக் கீழேதான் இருப்பார்கள். ஆகவே பூஜ்யம் இங்கே இலக்கே அல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். சதவீதம் என்பது மணி வடிவ வளைவின் இடது வால் மட்டும்தான். அளவிடும்போது ஏற்படும் தற்செயல் பிழை, சிலரைக் கூட்டியும் சிலரைக் குறைத்தும் காட்டும். சராசரி அசையாது. ஆனால் வளைவு இருபுறமும் அகலும், வால் தடிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி -1.0, திட்ட விலக்கம் 1.0 என்றால் -2க்குக் கீழே இருப்பவர்கள் 15.9%. அதே சராசரி, பிழையால் திட்ட விலக்கம் 1.3 ஆகிவிட்டது என்றால் 22.1%. 1.5 ஆனால் 25.2%. ஒரு குழந்தைகூட மெலியவில்லை, குன்றவில்லை. 9 புள்ளிகள் ஏறிவிட்டன. -3க்குக் கீழே பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்: 2.3% இருந்த இடத்தில் 1.3க்கு 6.2%, 1.5க்கு 9.1%. கடும் பாதிப்பு நான்கு மடங்காகத் தெரிகிறது. சிகிச்சைக்கான சத்துணவு எத்தனை குழந்தைகளுக்கு வாங்குவது, எத்தனை படுக்கை ஏற்பாடு செய்வது என்று திட்டமிடுவது இந்த எண்ணை வைத்துத்தான்.

"இது ஏழையும் பணக்காரரும் கலந்த சமூகம், அதனால் திட்ட விலக்கம் அகலமாகத்தான் இருக்கும்" என்று ஒரு சமாதானம் அடிக்கடி வரும். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் எவ்வளவு அகலும்? மக்கள்தொகையில் ஒரு பாதியின் சராசரி -0.5, மறு பாதியின் சராசரி -1.5, இரண்டிலும் திட்ட விலக்கம் 1.0 என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு இசட் இடைவெளி என்பது சாதாரண ஏற்றத்தாழ்வு அல்ல. இரண்டையும் கலந்தால் கிடைப்பது சுமார் 1.12. அவ்வளவுதான். 1.5ஐ ஏற்றத்தாழ்வை வைத்து விளக்க முடியாது. அது கருவியிலோ, கையிலோ, வயதுப் பதிவிலோ இருக்கும் பிழை.

நீளப் பலகையில் நடப்பது

பிழை அதிகம் நுழையும் இடம், அளவுப் பலகையில் எடுக்கும் உயர அளவுதான். 2 வயதுக்குக் கீழே படுக்க வைத்து அளக்க வேண்டும், 2 வயது நிறைந்தவர்களை நிற்க வைத்து அளக்க வேண்டும். படுக்கையில் எடுத்த அளவு நின்று எடுத்த அளவைவிடச் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும். அதனால் 2 வயது நிறையாத குழந்தை படுக்க மறுத்து நின்றால் 0.7 செ.மீ. கூட்ட வேண்டும், நிற்க முடியாத 2 வயதுக் குழந்தையைப் படுக்க வைத்தால் 0.7 செ.மீ. கழிக்க வேண்டும். இதைக் களத்தில் கையால் செய்யக் கூடாது. பார்த்த அளவை அப்படியே எழுதி, படுத்தா நின்றா என்று குறித்தால் போதும், மென்பொருள் திருத்திக்கொள்ளும். களப் பணியாளரும் கழித்து, மென்பொருளும் கழித்தால் 1.4 செ.மீ. காணாமல் போகும். வயதே தெரியாத குழந்தைக்கு 87 செ.மீ. எல்லை: அதற்குக் குறைந்தால் படுக்கை, அதற்கு மேல் நிற்றல்.

படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் கட்டாயம். தாயின் உதவி கூடுதல்தானே தவிர, இரண்டாவது பணியாளருக்கு மாற்று அல்ல. உதவியாளர் தலைப்பலகைக்குப் பின்னால் மண்டியிட்டு, இரு கைகளாலும் குழந்தையின் காதுகளை மூடியது போலத் தலையைப் பிடித்து, உச்சந்தலை பலகையைத் தொடும்படி வைக்க வேண்டும். குழந்தையின் பார்வை நேர் மேலே இருக்க வேண்டும். தாடை மார்பை நோக்கிக் கவிழ்ந்தாலும், பின்னால் சாய்ந்தாலும் அளவு மாறும். பின்னல், கொண்டை, ஊசி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும். அளப்பவர் இடக்கையால் இரு முழங்கால்களையும் மெதுவாக அழுத்தி, வலக்கையால் பாதப் பலகையை நகர்த்தி, இரண்டு உள்ளங்கால்களும் முழுதாகப் படிந்ததும் 0.1 செ.மீ. வரை வாசிக்க வேண்டும். அழும் குழந்தை முழங்காலை மடக்கும், விரல்களை வளைக்கும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: ஒரு காலை மட்டும் பிடித்து, குழந்தை ஒரு நொடி அசையாமல் இருக்கும்போது பார்த்த எண்ணை எழுதிவிடுவது.

அதன் விளைவைப் பாருங்கள். 14 மாத ஆண் குழந்தை, உண்மையான நீளம் 74.0 செ.மீ. அந்த வயதுக்கு நடு அளவு 78.0. இசட் ஏறத்தாழ -1.6, குன்றியவர் அல்ல. முழங்கால் மடங்கி 72.5 என்று பதிவானால் இசட் -2.2, குன்றியவர். அதே நேரத்தில் உயரத்துக்கேற்ற எடை எதிர்த்திசையில் நகரும். குள்ளமாகப் பதிவான குழந்தைக்கு அதே எடை தாராளமாகத் தோன்றும். இந்த உயரத்தில் 1 செ.மீ. குறைந்தால் அந்த இசட் கால் அலகுக்குச் சற்று மேல் கூடும். ஆக 1.5 செ.மீ. பிழை ஒரே குழந்தையை வளர்ச்சி குன்றியவராக ஆக்கி, மெலிந்தவர் பட்டியலிலிருந்து நீக்கவும் கூடும். அளவெடுக்கும் ஒரு குழுவின் பகுதியில் வளர்ச்சி குன்றல் அதிகம், மெலிவு மிகக் குறைவு. பக்கத்துக் குழுவின் பகுதியில் நேர்மாறு என்று வந்தால், மண்ணையும் மக்களையும் ஆராயுமுன் அந்த இரண்டு பலகைகளையும் ஆராய வேண்டும். தெரிந்த நீளமுள்ள ஒரு கோலைத் தினமும் காலையில் பலகையில் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். ஈரத்தில் ஊறி இணைப்பு தளர்ந்த மரப்பலகை எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு பிழையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பிழை திட்ட விலக்கத்தில் தெரியாது, சராசரியைத்தான் நகர்த்தும்.

பயிற்சியின் முடிவில் தரப்படுத்தல் சோதனை இல்லாமல் யாரையும் களத்துக்கு அனுப்பக் கூடாது. குறைந்தது 10 குழந்தைகள், பாதிப் பேராவது 2 வயதுக்கு உட்பட்டவர்கள். பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குழந்தையையும் இருமுறை அளக்க வேண்டும். இரண்டாம் முறை முதல் எண்ணைப் பார்க்கக் கூடாது. இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, குழந்தைகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அளவீட்டின் தொழில்நுட்பப் பிழை கிடைக்கும். உயரத்துக்கு அது 0.6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு திட்ட விலக்கம் சுமார் 2.4 செ.மீ. ஆகவே 0.6 செ.மீ. பிழை, 1.0 ஆக இருந்த இசட் திட்ட விலக்கத்தை 1.03 ஆக்கும், பாதகமில்லை. 2 செ.மீ. பிழையோ 1.3க்குக் கொண்டுபோய்விடும். அழும் குழந்தைகளோடும் சோதனை நடக்க வேண்டும். சமர்த்தாகப் படுத்திருக்கும் நான்கு வயதுக் குழந்தைகளை வைத்துத் தேர்வு நடத்தினால் எல்லோரும் தேறிவிடுவார்கள்.

களத்திலும் ஒவ்வொரு பகுதியிலும் சில குழந்தைகளை எழுந்தமானமாக (குலுக்கல் முறையில்) தேர்ந்து, முதல் அளவு தெரியாமல் மறுபடி அளக்க வேண்டும். இசட் மதிப்பு வினோதமாக வந்த குழந்தைகளை மட்டும் மறுபடி அளப்பது வேறு, அதுவும் தேவைதான். ஆனால் அதை மட்டும் செய்தால் பிழைகளில் ஒரு பக்கம்தான் திருந்தும்.

எடை, ஒப்பீட்டில் எளிது. 100 கிராம் அல்லது அதைவிடத் துல்லியமான எண்முறைத் தராசு, கெட்டியான சமதளத் தரை, தினமும் தெரிந்த எடைக்கல்லால் சோதனை. தாய் ஏறி நின்று, தராசைப் பூஜ்யமாக்கி, பிறகு குழந்தையைக் கையில் கொடுக்கும் முறையில், பூஜ்யம் விழுமுன் குழந்தையைக் கொடுத்துவிடுவதே வழக்கமான தவறு. உடை அவிழ்க்காமல் அளப்பது இன்னொன்று. 80 செ.மீ. நீளமுள்ள ஆண் குழந்தைக்கு ஒரு இசட் ஏறக்குறைய 700 முதல் 800 கிராம். குளிர் உடையும் நனைந்த துணியும் சேர்ந்து 350 கிராம் என்றால் அரை இசட் போய்விடும், அதுவும் மெலிவை மறைக்கும் திசையில்.

வயதுதான் மறைந்திருக்கும் பிழை

உயரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு வயதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதே 14 மாத ஆண் குழந்தை, அதே 74.0 செ.மீ., பிழையே இல்லாத அளவு. தாய் "ஒரு வயது" என்கிறார், 12 மாதம் என்று பதிவாகிறது: இசட் -0.7. உண்மை வயதுக்கு: -1.6. "ஒன்றரை வயது" என்று 18 மாதம் பதிவானால்: -3.1, கடும் வளர்ச்சி குன்றல். குழந்தை ஒன்று, நீளம் ஒன்று, முடிவு மூன்று. வயது குறையக் குறைய இந்தப் பிழையின் தாக்கம் கூடும். ஒரு வயதில் ஒரு மாதப் பிழை அரை இசட். 4 வயதில் அதே ஒரு மாதம் 0.15 இசட் அளவுதான்.

அதனால் வயதை மாதத்தில் கேட்கக் கூடாது. பிறந்த நாள், மாதம், ஆண்டு மூன்றையும் வாங்கி, நேர்காணல் தேதியிலிருந்து கழிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை இருந்தால் அதைப் பார்த்து எழுத வேண்டும். எதைப் பார்த்து எழுதினோம் என்பதையும் குறிக்க வேண்டும். ஆவணம் இல்லை என்றால் அந்தப் பகுதியின் திருவிழா, அறுவடை, மழை, தேர்தல் போன்றவற்றை மாத வாரியாக எழுதிய நிகழ்வு நாட்காட்டியை வைத்துக் கேட்க வேண்டும். நாள் மட்டும் தெரியவில்லை என்றால் 15 என்று கொள்ளலாம். மாதமே தெரியவில்லை என்றால் வயது சார்ந்த இரண்டு குறியீடுகளையும் அந்தக் குழந்தைக்குக் கணக்கிடக் கூடாது. உயரத்துக்கேற்ற எடையை மட்டும் கணக்கிடலாம். ஒரே அட்டவணையில் மூன்று குறியீடுகளுக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

வயதுப் பதிவின் தரத்தைச் சோதிக்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. வயதுக்கேற்ற உயரத்தின் சராசரி இசட்டைப் பிறந்த மாதவாரியாக, ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை வரைந்து பாருங்கள். ஆண்டு சரியாகத் தெரிந்து, மாதத்தை ஊகித்து எழுதியிருந்தால் படிப்படியான ஓர் ஏற்றம் தெரியும். காரணம் எளிது: ஜனவரி என்று பதிவான குழந்தையின் உண்மையான மாதம் அதற்குப் பிந்தியதாகவே இருக்க முடியும். அதாவது அவள் பதிவான வயதைவிட இளையவள், ஆகவே குள்ளமாகத் தெரிவாள். டிசம்பர் என்று பதிவானவள் உண்மையில் மூத்தவளாகவே இருக்க முடியும், ஆகவே உயரமாகத் தெரிவாள். டிசம்பரிலிருந்து அடுத்த ஜனவரிக்கு வரும்போது கோடு செங்குத்தாக விழுந்தால், அது பருவகாலமும் அல்ல, ஊட்டமும் அல்ல. பருவகாலத்துக்கு ஆண்டின் கடைசி நாள் எது என்று தெரியாதே. பருவத்தால் ஏற்படும் மாற்றம் இரண்டு மாதங்களுக்கிடையே இப்படி உடையாது.

12, 24, 36, 48 மாதங்களில் குழந்தைகள் குவிந்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். 58, 59 மாதப் பகுதியில் பள்ளம் விழுந்து 60, 61இல் மேடு இருந்தால், அளக்கும் வேலையைத் தவிர்க்க யாரோ குழந்தைகளை 5 வயதுக்கு மேலே தள்ளியிருக்கலாம்.

கை நாடாவும் கால் வீக்கமும்

6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு மேற்கையின் நடுச்சுற்றளவு 115 மி.மீ.க்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு, 115 முதல் 125க்குள் மிதமானது. இடக்கை, முழங்கை செங்கோணத்தில் மடங்கியிருக்கும்போது தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நாடா தோலை அமுக்கவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது. இங்கே 2 மி.மீ. என்பதே பெரிய பிழை.

இந்த நாடா கண்டுபிடிக்கும் குழந்தைகளும், உயரத்துக்கேற்ற எடை கண்டுபிடிக்கும் குழந்தைகளும் ஒரே ஆட்கள் அல்ல. நாடா இளங்குழந்தைகளையும், வளர்ச்சி குன்றியவர்களையும் அதிகம் பிடிக்கும். இரண்டிலும் ஒரே சதவீதம் வந்தால்கூட, இரண்டு பட்டியல்களிலும் இருக்கும் குழந்தைகள் பாதிக்கும் குறைவாக இருப்பது சகஜம். எது "சரி" என்ற சண்டை வீண். எதை அளந்தோம் என்று எழுதிவிட்டு, ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பேசாமல் இருந்தால் போதும்.

இரு பாதங்களையும் கட்டைவிரலால் 3 நொடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கும் வீக்கம் இருந்தால், எடை எதுவானாலும் அது கடும் ஊட்டக்குறைவு. அந்தக் குழந்தையின் எடையில் நீரின் எடையும் சேர்ந்திருப்பதால் எடை சார்ந்த இசட் மதிப்புகளை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த வீக்கம் அரிதான இடங்களில், பயிற்சி போதாதவர்கள் குண்டான பாதங்களை வீக்கம் என்று எழுதுவதும் நடக்கும். ஒரே குழுவிடமிருந்து மட்டும் வீக்கப் பதிவுகள் வந்தால் மேற்பார்வையாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அளக்கப்படாத குழந்தைகள்

தேர்ந்த பகுதியில் வீடுகளைப் புதிதாகப் பட்டியலிட்டு, அதிலிருந்து எழுந்தமானமாகத் தேர்வது இரண்டு கட்ட மாதிரி. தேர்ந்த வீட்டில் 5 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் அளக்க வேண்டும். குழந்தை இல்லாத வீடு என்றால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. குழந்தை வெளியே போயிருந்தால் திரும்ப வர வேண்டும். வேலைக்குப் போன தாயோடு வயலுக்குச் சென்ற குழந்தை, மருத்துவமனையில் இருக்கும் குழந்தை, ஊர் மாறிப் பிழைக்கப் போன குடும்பத்தின் குழந்தை: விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அளந்த குழந்தைகளுக்குக் கணக்கில் கூடுதல் மதிப்புக் கொடுத்துச் சரிசெய்வதெல்லாம் இவர்களைத் திருப்பிக் கொண்டுவராது.

மாதிரி அளவு எவ்வளவு? மெலிவு 10% இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம், 3 புள்ளிகள் கூடக்குறைய இருக்கலாம், பகுதிகளாகத் தேர்வதால் வரும் வடிவமைப்பு விளைவு 1.5 என்றால் 576 குழந்தைகள் வேண்டும். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். இப்படி 576 பேரை அளந்த இரண்டு மாவட்டங்களில் ஒன்றில் 9%, மற்றதில் 12% வந்தால், அந்த 3 புள்ளி வித்தியாசத்தை மாதிரிப் பிழையிலிருந்து பிரித்தறிய முடியாது. மாவட்டங்களை வரிசைப்படுத்தி முதலிடம், கடைசி இடம் என்று பட்டியல் போடுவது பெரும்பாலும் இரைச்சலுக்குப் பரிசு கொடுப்பதுதான்.

தரவைத் திறந்ததும்

முதலில் குழுவாரியாகவும் வயதுவாரியாகவும் திட்ட விலக்கம். 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கொடுத்த வழிகாட்டி வரம்புகள்: வயதுக்கேற்ற உயரத்துக்கு 1.10 முதல் 1.30, வயதுக்கேற்ற எடைக்கு 1.00 முதல் 1.20, உயரத்துக்கேற்ற எடைக்கு 0.85 முதல் 1.10. இவை 2006க்கு முந்தைய பழைய ஒப்பீட்டு அளவுகோலின் காலத்தவை. கறாரான எல்லையாக அல்லாமல் எச்சரிக்கை மணியாகக் கொள்ளலாம். 2 வயதுக்குக் கீழே மட்டும் திட்ட விலக்கம் தூக்கலாக இருந்தால் படுக்கை அளவும் பிறந்த தேதியும் சந்தேகத்துக்குரியவை. மூன்று குறியீடுகளில் வயது சார்ந்த இரண்டும் அகன்று, உயரத்துக்கேற்ற எடை மட்டும் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி வயது. உயரம் சார்ந்த இரண்டும் அகன்று, வயதுக்கேற்ற எடை ஒழுங்காக இருந்தால் குற்றவாளி பலகை. இந்த ஒப்பீடு எந்தச் சிக்கலான புள்ளியியலையும்விட எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

அடுத்து, நம்ப முடியாத மதிப்புகள். உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி வயதுக்கேற்ற உயரம் -6க்குக் கீழே அல்லது +6க்கு மேலே, வயதுக்கேற்ற எடை -6க்குக் கீழே அல்லது +5க்கு மேலே, உயரத்துக்கேற்ற எடை -5க்குக் கீழே அல்லது +5க்கு மேலே என்றால் நீக்க வேண்டும். இப்படி நீக்கியவை 1%ஐத் தாண்டினால் தரம் கவலைக்குரியது. நெருக்கடிப் பகுதிகளில் அதிகம் பயன்படும் ஸ்மார்ட் (SMART) முறைக் கணக்கெடுப்புகள் அந்தக் கணக்கெடுப்பின் சராசரியிலிருந்து 3 இசட் தள்ளி இருப்பவற்றை நீக்கும். இது கறாரானது, பிழையோடு சேர்த்து உண்மையான சில கடும் நேர்வுகளையும் வெட்டிவிடும். ஒன்றால் சுத்தம் செய்த எண்ணையும் மற்றொன்றால் சுத்தம் செய்த எண்ணையும் பக்கத்தில் வைக்கக் கூடாது. இன்னொன்று: எல்லைக்கு வெளியே இருந்தவற்றை நீக்கிவிட்டதால் மிச்சம் சுத்தமாகிவிடாது. -2.4 என்று பதிவான -1.7 குழந்தையை எந்த விதியும் பிடிக்காது.

உயரத்தின் கடைசி இலக்கத்தையும் எண்ணுங்கள். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் 10% அளவில் வர வேண்டும். 0மும் 5மும் சேர்ந்து 20%க்குப் பதில் 40% வந்தால், அரை செ.மீ.க்கு முழுமையாக்கியிருக்கிறார்கள். அதனால் வரும் பிழை அதிகபட்சம் கால் செ.மீ.தான், சதவீதத்தை அது பெரிதாக அசைக்காது. ஆனால் பலகையை உற்றுப் பார்க்காதவர் முழங்காலையும் பிடித்திருக்க மாட்டார். எதிர்த்திசையும் உண்டு: திட்ட விலக்கம் 0.8க்கும் கீழே, அதீதங்களே இல்லை, எல்லாம் வழுவழுப்பு என்றால், வீட்டுக்குப் போகாமலே எழுதிய எண்களாக இருக்கலாம்.

திட்ட விலக்கம் அகன்ற கணக்கெடுப்பில், அதை 1.0 என்று வைத்துக்கொண்டு சராசரியிலிருந்து சதவீதத்தைக் கணக்கிடுவதும் ஒரு வழி. நோயறியும் கருவியாக அது நல்லது: நேரடியாக எண்ணிய 22%க்கும் இப்படி வந்த 16%க்கும் இடையிலான தூரம், பிழையின் அளவை உணர்த்தும். அந்த 16%ஐ உண்மை என்று வெளியிடுவதை நான் ஏற்கமாட்டேன். உண்மையான திட்ட விலக்கம் 1.0 என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சராசரியே நகர்ந்திருந்தால் இந்த வழியும் கைகொடுக்காது.

எண்ணைப் படிப்பது

2018இல் புதுப்பித்த வகைப்பாட்டின்படி வளர்ச்சி குன்றல் 30%ஐத் தொட்டால் மிக அதிகம், 20 முதல் 30க்குள் அதிகம், 10 முதல் 20க்குள் நடுத்தரம். மெலிவுக்கு 15% மிக அதிகம், 10 முதல் 15க்குள் அதிகம், 5 முதல் 10க்குள் நடுத்தரம். இந்த எல்லைகள் சமூகத்துக்கு உரியவை. ஒரு தனிக் குழந்தைக்கு -2.1 வந்தால் "நோய்", -1.9 வந்தால் "நலம்" என்று படிப்பது தவறு. ஊட்டம் குறைந்த சமூகத்தில் வளைவு முழுவதுமே இடப்புறம் நகர்ந்திருக்கும், -1.5இல் நிற்கும் குழந்தையும் எட்டியிருக்க வேண்டிய உயரத்தை இழந்தவர்தான். அதனால் சதவீதத்தோடு சராசரியையும் கேட்டு வாங்க வேண்டும்.

வளர்ச்சி குன்றல் மெதுவாகச் சேர்வது. பிறப்பு எடை, தாயின் உடல்நிலை, திரும்பத் திரும்ப வரும் தொற்று, சத்துக் குறைந்த உணவு எல்லாம் சேர்ந்து முதல் 2 ஆண்டுகளில் சராசரி இசட்டைக் கீழே இழுக்கும். பிறகு அது பெரும்பாலும் அங்கேயே தங்கும். ஆகவே 5 வயதுக்கு உட்பட்டோர் எண்ணில் 3, 4 வயதுக் குழந்தைகள் சுமப்பது பழைய ஆண்டுகளின் பாதிப்பை. ஒன்றரை ஆண்டுக்கு முன் தொடங்கிய திட்டம் தோற்றதா என்று இந்த மொத்த எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2 வயதுக்கு உட்பட்டவர்களைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். மெலிவு அப்படியல்ல. சில வாரங்களில் வரும், போகும் அல்லது உயிரைப் பறிக்கும். ஒரு நாள் கணக்கெடுப்பு அன்று மெலிந்திருந்தவர்களை மட்டும் காட்டும். ஓர் ஆண்டில் மெலியும் குழந்தைகள் அதைவிடப் பல மடங்கு. அந்த எண்ணை ஆண்டுக்கு 2.6ஆல் பெருக்கித் திட்டமிடும் பழக்கம் நெடுநாள் இருந்தது. ஆனால் அந்தப் பெருக்கி இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது.

எடைக்குறைவு என்ற எண் தனித்து நின்றால் குழப்பும். குள்ளமாக இருப்பதால் எடை குறைந்தவரும், மெலிந்ததால் எடை குறைந்தவரும் அதில் ஒன்றாகக் கிடப்பார்கள். குள்ளமாகவும் மெலிந்தும் இருக்கும் குழந்தைகளுக்கு உயிராபத்து மிக அதிகம். அவர்கள் எத்தனை பேர் என்பது மூன்று தனித்தனிச் சதவீதங்களில் எங்கும் தெரியாது. மூல தரவில் குறுக்கு அட்டவணை போட்டால்தான் தெரியும்.

இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒரே அளவுகோலா என்பது. 2006 தரத்துக்கு முந்தைய அறிக்கைகள் 1977ஆம் ஆண்டின் அமெரிக்க ஒப்பீட்டு வளைவுகளைப் பயன்படுத்தின. அதே குழந்தைகளைப் புதிய தரத்தில் கணக்கிட்டால் வளர்ச்சி குன்றல் கூடும். எடைக்குறைவு முதல் 6 மாதத்தில் கூடி, அதன் பிறகு குறையும். பழைய அச்சு அறிக்கையின் எண்ணை எடுக்காமல் மூல தரவை மறுபடி கணக்கிட வேண்டும். அடுத்து, மாதம். உணவு குறைந்து வயிற்றுப்போக்கு பரவும் பருவத்தில் எடுத்த மெலிவு எண்ணையும் அறுவடை முடிந்து எடுத்த எண்ணையும் ஒப்பிட்டால், நமக்குக் கிடைப்பது பருவகால வித்தியாசம். பிறகு திட்ட விலக்கம். முதல் கணக்கெடுப்பில் சராசரி -1.0, திட்ட விலக்கம் 1.5; இரண்டாவதில் சராசரி அதே -1.0, திட்ட விலக்கம் 1.2 என்றால், சதவீதம் 25.2இலிருந்து 20.2க்கு இறங்கியிருக்கும். பயிற்சி மேம்பட்டிருக்கிறது, குழந்தைகள் அப்படியே இருக்கிறார்கள். இதன் தலைகீழும் நடக்கும்: சராசரி உண்மையிலேயே உயர்ந்திருக்கும், அளவு கெட்டுப்போனதால் சதவீதம் அசையாமல் நிற்கும், நன்றாக நடந்த ஒரு திட்டம் நிறுத்தப்படும்.

தரம் மோசம் என்று தெரிந்த பிறகும் தரவு முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. வயது கெட்டிருந்தால் உயரத்துக்கேற்ற எடையும் கைச் சுற்றளவும் பெரும்பாலும் நிற்கும். பலகை கெட்டிருந்தால் வயதுக்கேற்ற எடையை வெளியிடலாம். தற்செயல் பிழை மட்டும் என்றால் சராசரி நம்பத்தக்கது; அதை வெளியிட்டு, -3க்குக் கீழான சதவீதத்தை விட்டுவிடலாம். ஒரு குழு மட்டும் கெட்டிருந்தால் அந்தக் குழு போன பகுதிகளில் மறுபடி அளக்க வேண்டும், அதுவும் அதே பருவம் முடிவதற்குள். அதற்கு முதல் வாரத்திலேயே குழுவாரி அட்டவணை ஓட வேண்டும். களப்பணி முழுவதும் முடிந்து, பலகைகள் கிடங்குக்குப் போன பிறகு போடும் அட்டவணையை வைத்து எதையும் திருத்த முடியாது.